குண்டூசி குத்திய பக்கங்கள்

முப்பத்தோரு வருஷத் தாம்பத்தியத்தின் விலை பிரதிக்கு நூற்றுப் பத்து. கெட்டி அட்டை என்றால் நூற்று முப்பத்தைந்து. நூறு பிரதிக்குக் குறைந்தால் மெஷினில் ஏற்ற முடியாது, பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும்.

இப்படிச் சொல்லிவிட்டு அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். விலை சொன்ன பிறகு ஆளின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது ஒரு வித்தை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொத்தான் கடைக்காரம்மாவுக்கு அந்த வித்தை அத்துப்படி. அவளே தினம் பத்துப் பேரிடம் செய்வதுதான்.

“தொண்ணூறு” என்றாள்.

“அம்மா, காகிதம் விக்கிற விலையில...”

“காகிதம் விக்கிற விலை எனக்கும் தெரியும். பொத்தானை நான் அட்டையில தைச்சுத்தான் விக்கிறேன். அட்டை எனக்கு யாரு சும்மா தர்றா?”

அவர் காகிதத்தைச் சொன்னார், அவள் மையைச் சொன்னாள். அவர் ஆள் கூலியைச் சொன்னார், அவள் எழுந்து நின்றாள். எழுந்து நின்றதும் அவர் “உட்காருங்க, உட்காருங்க” என்றார். தொண்ணூற்றெட்டில் படிந்தது. படிய வைத்த சந்தோஷம் முகத்தில் ஏறும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. செத்துப்போன புருஷனின் விலையில் பன்னிரண்டைக் குறைத்திருக்கிறாள். அவர் இருந்திருந்தால் இப்போது என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தாள். வரவில்லை. அவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடிய ஒரு வார்த்தைகூட மனசில் எழவில்லை. இந்தப் புத்தகத்தை எழுத உட்கார்ந்ததே அந்தப் பயத்தில்தான்.

அவர் போய் ஒன்றரை வருஷம். கடல் தாண்டி வேலையில் இருக்கும் ஒரே மகள் ஒருநாள் போனில், கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “அம்மா, அப்பா குரல் எனக்கு மறந்துட்டே வருது. முகம் போட்டோல இருக்கு. பேச்சுதான் போய்க்கிட்டே இருக்கு. இவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

வீடியோ என்று ஒன்றுகூட இல்லை. போனை நீட்டினால் அந்த மனுஷன் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு விறைத்துவிடுவார். மறுநாளே கடைக்காரம்மா, ஆள் வராத மத்தியான வேளைகளில், கல்லாவுக்குப் பின்னால் எழுத உட்கார்ந்தாள். பேரன் வளர்ந்து படிக்க வேண்டும். படித்தால் தாத்தா பேச வேண்டும். கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

முன்பணத்தை எண்ணி வாங்கி இழுப்பறையில் போட்ட பிறகு அச்சகக்காரர் கேட்டார்: “யாராச்சும் படிச்சாங்களாம்மா?”

“என் மக படிச்சா. நல்லாயிருக்குன்னா.”

“மக சொல்லாம வேற யாரு சொல்வா? வெளி ஆளு?”

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“சொந்தக் காசுல புத்தகம் போடறவங்க எல்லாரும் வழுக்கற இடம் இதுதாம்மா. பதிப்பகத்துக்குப் போனா அங்க நாலு பேரு படிச்சுக் குதறிடுவாங்க. நீங்க நேரா என்கிட்ட வந்துட்டீங்க. நான் யாரு? அச்சடிக்கிறவன். தப்பா இருந்தாலும் அழகா அச்சடிச்சுக் கொடுத்துடுவேன். அதனால, மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட படிக்கக் கொடுங்க. பீட்டா ரீடர்னு அதுக்குப் பேரு.”

“பீட்டாவா?”

“இன்னும் முடியாத சரக்கைப் படிச்சுட்டு, எங்க இழுக்குது, எங்க இடிக்குதுன்னு சொல்றவங்க.”

“ட்ரையல்னு சொல்லுங்க. கோட்டு தைக்கிறவர் முதல்ல பெரிய தையலா ஓட்டி, போட்டுப் பாக்கச் சொல்வார்ல, அக்குள்ல பிடிக்குதா, முதுகுல தூக்குதான்னு.”

“அதேதான். ட்ரையல் பாக்காம காஜா எடுத்துடாதீங்க.”

காஜா எடுத்துவிட்டால், அதாவது பொத்தானுக்கு ஓட்டை போட்டுவிட்டால், துணி துணிதான், திரும்ப ஒட்டாது. இது அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் ஆள் பிடிக்கும்போது அவள் வியாபாரியாகத்தான் பிடித்தாள். யாரிடம் உரிமையாகக் கேட்கலாம் என்று பார்த்தாள். கடனுக்குச் சரக்கு எடுப்பவர்கள்தான் கண்ணில் பட்டார்கள். ஜெராக்ஸ் கடையில் நாலு பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டு, தையல் மாஸ்டருக்கு ஒன்று, தையல் வகுப்பு டீச்சருக்கு ஒன்று, பக்கத்து மருந்துக் கடைக்காரருக்கு ஒன்று கொடுத்தாள். ஒன்று கைவசம். “படிச்சு அபிப்பிராயம் சொல்றவரைக்கும் உங்களுக்கு எல்லாத்துலயும் பத்து சதவீதம் தள்ளுபடி” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டாள். தள்ளுபடி என்றால் வெயில் மழை பார்க்காமல் வருகிற உலகம். வந்தார்கள்.

“படிச்சு முடிச்சதும் ஊசில நூல் கோக்க முடியலம்மா. கண்ணு மறைச்சிருச்சு” என்றார் தையல் மாஸ்டர். அதே மூச்சில், “அந்தப் பழைய பாக்கி அடுத்த மாசம் பார்த்துக்கலாமா?” என்றார்.

“தெய்வம்மா அவர்” என்றாள் டீச்சர், எலாஸ்டிக் சுருளை முழங்கையில் சுற்றியபடியே.

மருந்துக் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். அவரிடம் இதய நோய் மாத்திரை கேட்பவர்களும் அப்படித்தான் காட்டுவார்கள்.

ஒரு வாரம் கடைக்காரம்மா தரையில் கால் பாவாமல் நடந்தாள். அச்சகத்துக்குப் போன் போட்டு ‘ஏத்திடுங்க’ என்று சொல்ல எண்ணைக்கூடத் தட்டிவிட்டாள். லைன் கிடைக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் கைவசமிருந்த பிரதியைப் புரட்டினாள். ஆஸ்பத்திரி அத்தியாயம். புரட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் ஆஸ்பத்திரி அத்தியாயம். ஜெராக்ஸ் கடையில் அந்தக் கட்டை இரண்டு தரம் வைத்துக் கம்பி போட்டிருக்கிறார்கள். டீச்சர் திருப்பிக் கொடுத்த பிரதியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே. நாலிலும் அப்படித்தான் இருக்கும். அவள் கணவர் ஒரே புத்தகத்தில் இரண்டு முறை அதே கட்டிலில் அதே வார்த்தைகளோடு செத்திருக்கிறார். அழுத கண்களில் ஒன்றுகூட அதைக் கவனிக்கவில்லை.

போனை வைத்துவிட்டாள்.

கோபம் அவர்கள் மேல் வரவில்லை. கடை நடத்துகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? துணியைத் தடவிப் பார்த்து ‘அடடா, என்ன அழகு’ என்பவர் அடுத்த நிமிஷம் செருப்பைத் தேடுவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பொத்தானை நகத்தால் சுரண்டி, ‘இது ரெண்டு தோய்ப்புக்குத் தாங்குமா?’ என்று முகம் சுளிக்கிறாரே, அவருக்குத்தான் ஸ்டூலை இழுத்துப் போட வேண்டும். வாங்கப் போகிறவர் அவர்தான். கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து தெரிந்தது, தன் சரக்கு என்றதும் மறந்துபோயிற்று. புகழ்ச்சியைத் தள்ளுபடி கொடுத்து வாங்கியிருக்கிறாள்; அந்த விலைக்கு அந்தச் சரக்குதான் கிடைக்கும்.

அச்சகக்காரரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. போனில் ஒரு குழுவில் சேர்த்துவிட்டார். எல்லோரும் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள். என்னுடையதை நீ படி, உன்னுடையதை நான் படிக்கிறேன் என்று பண்டமாற்று. காசு கிடையாது, முகத்தாட்சண்யம் கிடையாது. அவளுக்கு வாய்த்தவள் ஒரு பேய்க்கதைக்காரி. எந்த ஊர், என்ன வயசு, ஒன்றும் தெரியாது. அவளுடைய பேய் நாவலைக் கடைக்காரம்மா மூச்சைப் பிடித்துப் படித்துவிட்டுக் குரல் செய்தி அனுப்பினாள்: “பேய் வந்து மூணு தடவை கதவைத் தட்டுதும்மா. எனக்கே எழுந்து போய்த் திறந்து விட்டுடலாமான்னு இருக்கு. ஒரு தடவை போதும்.”

பதில் மூன்றாம் நாள் வந்தது. குரல் செய்திதான். பின்னணியில் குக்கர் சத்தம்.

“அக்கா, கதவு விஷயம் நூத்துக்கு நூறு சரி, மாத்திட்டேன். இப்ப உங்களுது. கோச்சுக்காதீங்க. என் பேய்க்கு இருக்கிற உயிர்கூட உங்க வீட்டுக்காரருக்கு இல்ல. நல்லவர், வல்லவர், அதிர்ந்து பேசமாட்டார், பொய் சொல்லமாட்டார். சரி, ஆனா அவர் எங்க? ஒரு இடத்துலயாச்சும் அவர் வாயைத் திறக்கறாரா பாருங்க. நீங்கதான் பேசறீங்க. எனக்கு அவரைத் தெரியாது, அதனால என்ன குறையுதுன்னு சொல்ல முடியல. அவரை நல்லாத் தெரிஞ்ச, ஆனா உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு அவசியமே இல்லாத ஆளு யாராச்சும் இருந்தா, அவங்ககிட்ட கொடுங்க.”

கடைக்காரம்மா அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு போனைக் கல்லாமேல் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்தால் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம், நேரெதிரே, அதே பொத்தான், அதே ஜிப், அதே நூல்கண்டு விற்கிற இன்னொரு கடை.

அந்தக் கடைக்காரருக்கு அவள் கணவர் வைத்த பெயர் ‘எதிர்க்கட்சி’. “இன்னிக்கு எதிர்க்கட்சி ஜிப் விலையைக் குறைச்சிருக்கு” என்பார். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே டம்ளர் டீயைப் பகிர்ந்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பேச்சு நின்றது. ஏன் என்று கேட்டதற்குக் கணவர் “ஜிப் விலைதான், வேற என்ன?” என்றிருந்தார். அப்போது அவள் கடைக்கு வருவதில்லை. அவர் படுத்த பிறகுதான் கல்லாவில் உட்கார்ந்தாள். ஆனால் அடக்கத்தன்று ஒன்றை அவளே கண்ணால் பார்த்தாள். வண்டி கடைத்தெரு வழியாகப் போனபோது தெரு முழுக்க ஷட்டர் இறங்கியிருந்தது. எதிர்க்கடை மட்டும் பாதி. இடுப்பளவு இறக்கி, கீழே குனிந்து நுழைகிற அளவுக்குத் திறந்து. அதை அவள் புத்தகத்திலும் எழுதியிருந்தாள், ஒரே வரியில்.

மத்தியானம், தெருவில் நாய்கூட நிழலுக்குப் போய்விட்ட நேரம், ஆஸ்பத்திரி இரண்டு முறை வருகிற பிரதியையே எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். வேண்டுமென்றுதான். அதுவே முதல் பரீட்சை.

எதிர்க்கட்சி ஜிப்புகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“என்ன, சரக்கு தீந்துபோச்சா? கடன் கேக்க வந்தீங்களா?”

“குறை கேக்க வந்தேன்.”

இப்போது நிமிர்ந்தார். அவள் கட்டைக் கல்லாமேல் வைத்தாள். “அவரைப் பத்தி எழுதியிருக்கேன். புத்தகமா போடப் போறேன். நீங்க படிச்சுட்டு என்னென்ன தப்புன்னு சொல்லணும்.”

“நானா?”

“இந்தத் தெருவுல நீங்க குறை சொல்லாத பொருள் எதுவாச்சும் இருக்கா?”

அவருக்கு உதட்டோரம் ஒரு இழுப்பு வந்து போனது. “எவ்வளவு தருவீங்க?”

“ஒண்ணும் தரமாட்டேன்.”

“அப்ப சரி. காசு வாங்கினா நல்லதா நாலு வார்த்தை சொல்லித் தொலைக்கணும்.” கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார். “கனமா இருக்கே. அந்த ஆளு இவ்வளவு பேசி நான் கேட்டதில்லையே.”

அதற்குப் பிறகு கடைக்காரம்மாவுக்கு வியாபாரத்தில் புத்தி போகவில்லை. ஆறு பொத்தான் கேட்டவருக்கு எட்டு கொடுத்தாள். கண் எதிர்ப்பக்கமே நின்றது. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு படிக்கிறார். வாடிக்கையாளர் நிற்கிறார், இவர் கையை மட்டும் உயர்த்தி ‘இரு’ என்கிறார். ஒருநாள் கட்டைக் கல்லாமேல் ஓங்கி அறைந்தார். சத்தம் தெருவைத் தாண்டி வந்தது. ஒருநாள் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் அவர் படிக்கவே இல்லை. அதுதான் அவளை மிகவும் வதைத்தது.

ஒரு மத்தியானம் அவரே வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே நுழையவில்லை, வாசல்படிக்கு வெளியே நின்று கட்டை நீட்டினார்.

“பாத்து வாங்குங்க. குத்தும்.”

கட்டு முள்ளம்பன்றியாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் குண்டூசி. ட்ரையல் போட்ட கோட்டில், எங்கே பிரிக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்று மாஸ்டர் குத்துவாரே, அப்படி.

“பேனால எழுதற வழக்கம் எனக்கில்ல. எங்கெல்லாம் அந்த ஆளு இல்லையோ, அங்கெல்லாம் குத்தியிருக்கேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்பத்திரி ரெண்டு தடவை வருது. ஏம்மா, மனுஷன் ஒரு தடவை செத்தா போதாதா?”

 கடைக்காரம்மாவுக்கு வந்தது சிரிப்பா மற்றதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டாள். “உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். முதல் குண்டூசியைத் தொட்டார்.

“‘வாழ்நாளில் பொய் சொன்னதில்லை.’ யாரைச் சொல்றீங்க? என் ஜிப் எல்லாம் கம்பெனி கழிச்சுப் போட்டதுன்னு ஒரு சீசன் முழுக்கச் சொல்லி வித்த ஆளையா? நானும் அவர் ஜிப் அதே கம்பெனி கழிவுதான்னு சொன்னேன். ரெண்டு பேரும் வாங்கினது ஒரே வண்டியில.” அடுத்த ஊசி. “‘பணத்தைப் பெரிதாக நினைக்காதவர்.’ இத பாருங்கம்மா, அந்த ஆளு எப்படிப் பேசுவார் தெரியுமா? ‘எடுத்துட்டுப் போங்க சார்...’”

இங்கே அவர் நிறுத்தினார். நாக்கை மேலண்ணத்தில் ஒரு முறை தட்டினார். டொக்.

“‘...காசா பெரிசு? மனுஷங்கதான் பெரிசு.’ சொல்லிக்கிட்டே காசை மூணாவது தடவை எண்ணுவார்.”

கடைக்காரம்மா கல்லா விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த டொக். விலை சொல்வதற்கு முன், கோபப்படுவதற்கு முன், மகளைக் கொஞ்சுவதற்கு முன் வருகிற டொக். ஒன்றரை வருஷமாக அவள் தேடிக் கிடைக்காதது, ஆகாத ஆளின் வாயிலிருந்து வந்து விழுகிறது.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கிண்டலை விட்டுவிட்டு, மெதுவாக, டொக்கோடு, இன்னொரு தடவை சொன்னார். அதன் பிறகு நிற்கவில்லை. ஊசிக்கு ஊசி அந்த மனுஷன் பேசினார். கடன்காரர் முழுப் பாக்கியையும் கட்ட வந்தால், “முழுசா தராதீங்க சார், ஒரு அஞ்சு பாக்கி இருக்கட்டும். கணக்கு முடிஞ்சா நீங்க ஏன் என்னைப் பாக்க வரப்போறீங்க?” என்பாராம். பேரம் படியாமல் போகிறவரிடம், “சரி, அந்தக் கடைக்கே போங்க, என் பேரைச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு ஏத்திச் சொல்வார்” என்பாராம்.

கடைசியில் ஒரு ஊசி மிச்சம். அதன் மேல் அவர் கை தயங்கியது.

“கடிகாரம்” என்றார்.

அந்த அத்தியாயத்தில் அவளுக்குத் தனிப் பெருமை. சீருடை சீசன் தொடங்கிய அன்று கணவர் எதிர்பாராமல் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்து, ‘உனக்குத்தான்’ என்று மாட்டியதை உருகி எழுதியிருந்தாள். அவள் கடைக்கு வந்தபோது வீட்டிலிருந்து அதையும் எடுத்துவந்து மாட்டினாள். இப்போதும் தலைக்கு மேல் ஓடுகிறது.

“வருஷம் எழுதியிருக்கீங்க. சீசன் முதல் நாள்னும் எழுதியிருக்கீங்க. அன்னிக்குக் காலையில எங்கம்மா தவறிட்டாங்க.”

அவள் கட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் பார்த்தாள்.

“எங்க வியாபாரத்துல வருஷத்துக்கு ஒரு நாள்தான் நாள். என் ஷட்டர் இறங்கிருச்சு. தெருவுல பாதிப் பேரு கடையை அடைச்சாங்க. உங்க வீட்டுக்காரர் வந்தார், மாலை போட்டார், என் கையைப் பிடிச்சார், போனார். போய்க் கடையைத் திறந்தார். என் வாடிக்கை அத்தனையும் அவர்கிட்ட. அதுக்குப் பிறகுதான் நான் பேசல. ஜிப்பாவது, விலையாவது.” அவர் தலையை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தார். “நல்லாத்தான் ஓடுது.”

அவள் கேட்டாள்: “அப்ப அந்தப் பாதி ஷட்டர்?”

“அதுல ஊசி குத்தலையே, பாக்கலையா? நீங்க எழுதினது சரி. வித்தேன். உங்க கடைக்கு வந்தவங்க எல்லாரும் எனக்கு வந்தாங்க. ஒருத்தர் முகத்தையும் நிமிர்ந்து பாக்கல, ஆனா வித்தேன். அவர் பண்ணது ஒரு நாள், நான் பண்ணது ஒரு நாள்.” எழுந்துகொண்டார். “கடிகாரத்தை எழுதுங்க, எழுதாம விடுங்க. உங்க புத்தகம். குறை கேட்டீங்க, சொல்லிட்டேன்.”

அவர் போன பிறகு கடைக்காரம்மா ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள். சுவரில் வட்டமாக வெளுப்பாக ஓர் இடம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மகளுக்கு இதைப் படிக்கக் கொடுப்பதா? வளர்ந்து வரும் பேரன், தாத்தா ஒரு சாவு நாளில் கல்லா நிரப்பினார் என்று படிப்பதா? அந்த ஒரு ஊசியை உருவிப் போட்டுவிட்டு மீதியை மட்டும் திருத்தினால் யாருக்குத் தெரியும்? பொருள் சுத்தமாக இருக்கும். விற்கும்கூட.

ஆனால் அந்த டொக் இருக்கிறதே. அது அந்த ஆளின் வாயில் இருந்தது. காசை மூன்றாம் தடவை எண்ணுகிறவரின் வாயில், மாலை போட்டுவிட்டுப் போய்க் கடை திறக்கிறவரின் வாயில். நல்லவர் என்று அவள் எழுதி வைத்திருந்த அந்த ஆளுக்கு நாக்கே கிடையாது. இரண்டு பேரில் யாரைப் பேரனிடம் அனுப்புவது?

கடிகாரத்தைத் துடைத்து மறுபடியும் மாட்டினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக, எழுதி முடித்த பிறகே உருவினாள். உருவிய ஊசிகளை டப்பாவில் போட்டாள், விற்கிற ஊசியோடு சேராமல் தனியாக.

புதுப் பிரதியை மகளுக்கு அனுப்பினாள். முதல் பிரதிக்கு மறுநாளே ‘சூப்பர்ம்மா’ வந்திருந்தது. இதற்கு நாலு நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு போன்.

“அம்மா.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “அப்பா இப்படிப் பண்ணாரா? அந்தக் கடை மாமாவோட அம்மா செத்த அன்னிக்கு?”

“பண்ணார்.”



“பண்ணியிருப்பார்” என்றாள் மகள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பியது. “அம்மா, ‘ஒரு அஞ்சு பாக்கி இருக்கட்டும்’னு வருதுல்ல, அதைச் சத்தமாப் படிச்சேம்மா. என்னை அறியாம நாக்கைத் தட்டிட்டேன். மடியில இருந்தவன் திரும்பிப் பாக்கறான். மறுபடியும் தட்டுன்னு என் வாயையே தொடறான்.”

அச்சகத்துக்கு அன்றே ‘ஏத்திடுங்க’ என்று சொன்னாள். சொல்வதற்கு முன் ஒரு பக்கம் சேர்த்தாள். நன்றி என்று எல்லோரும் போடும் இடத்தில் அவள் ‘கணக்கு’ என்று தலைப்பிட்டாள். பேய்க்கதைக்காரிக்கு வரவு வைத்தாள்: கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததற்கு. தையல் மாஸ்டருக்கும் ஒரு வரி: தள்ளுபடி கொடுத்தது என் தப்பு. எதிர்க்கடைக்கு இரண்டு வரியும் கீழே ஒரு வார்த்தையும்.

கட்டுக் கட்டாகப் புத்தகம் வந்து இறங்கியதும் முதல் பிரதியோடு தெருவைக் கடந்தாள்.

எதிர்க்கட்சி அட்டையைத் திருப்பினார், முதுகைத் தட்டினார், பக்கங்களை விரலால் சரசரவென்று விட்டார். “எவ்வளவு?”

“உங்களுக்கு எதுக்கு விலை?”

“சும்மா கொடுத்தா நான் படிக்க மாட்டேன், தங்கச்சி. விலையைச் சொல்லு.”

“நூத்தம்பது.”

“அட்டை வளையுது. மூலை மழுங்கியிருக்கு. அறுபது.”

அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. வாங்கப் போகிறவர். இழுத்து, எழுந்து, உட்கார்ந்து, தொண்ணூற்றெட்டில் முடித்தாள். அடக்க விலை. காசை எண்ணி வைத்துவிட்டு அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். வியாபாரி எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்துதான் படிப்பார். படித்தார்.

*எதிர்க்கடைக்காரரின் தாயார் இறந்த அன்று என் கணவர் விற்றது: ஒரு நாள் வியாபாரம்.*
*என் கணவர் இறந்த அன்று எதிர்க்கடைக்காரர் விற்றது: ஒரு நாள் வியாபாரம்.*
*நேர்.*

அவர் முகம் கோணியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டார்.

“தப்பு” என்றார்.

“என்ன தப்பு? நீங்க சொன்னதைத்தானே போட்டிருக்கேன்!”

“நான் ஒண்ணைச் சொல்லல.” புத்தகத்தை மூடாமல் உள்ளங்கையால் அழுத்தி வைத்துக்கொண்டார். “எங்கம்மா போனதுக்கு அடுத்த சீசன். பள்ளிக்கூடச் சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் என்கிட்ட சுத்தமா இல்ல. வர வேண்டிய வண்டி வரல. வந்த ஆளை எல்லாம் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்தேன். திருப்பி அனுப்பினா எங்க போவாங்க? உன் கடைக்குத்தான். பத்து மணி இருக்கும், பின்வாசல்ல ஒரு சுமைகாரர். நாலு பெட்டி வெள்ளைப் பொத்தான். பில்லும் இல்ல, பேரும் இல்ல. ஆனா பெட்டி மேல விலை எழுதற கையெழுத்து எனக்குத் தெரியாதா?”

“அவரா?”

“நான் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல. பெட்டியைத் திருப்பியும் கொடுக்கல. அவரும் கேக்கல. தெருவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகிட்டு, சாகற வரைக்கும், கேக்கவே இல்ல. அது மன்னிப்புக் கேட்டதா, கடன் கொடுத்ததான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.”

“இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா? நூறு பிரதி அடிச்சாச்சு!”

“அன்னிக்கே சொன்னா எழுதியிருப்பியே.”

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. அவர் எழுந்து உள்ளே போனார். அட்டைகளை நகர்த்தும் சத்தம். நாலு பெட்டியைத் தாடை வரைக்கும் அடுக்கிச் சுமந்துகொண்டு வந்து கல்லாமேல் வைத்தார். மூச்சு வாங்கியது.

“எடுத்துக்க. கணக்கை முடிச்சிரு.”

கடைக்காரம்மா பெட்டிகளைப் பார்த்தாள். மேல் பெட்டியைத் திறந்து ஒரு பொத்தானை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நல்ல சரக்குதான். திரும்ப உள்ளே போட்டு மூடி, நாலையும் அவர் பக்கமே தள்ளினாள்.

“இருக்கட்டும் அண்ணே.”

பேனாவைக் கேட்டு வாங்கினாள். அவருடைய பிரதியில், ‘நேர்’ என்ற வார்த்தையைக் குறுக்கே ஒரு கோடிட்டு அடித்து, கீழே மூன்று வரி எழுதினாள். பிறகு தன் கடைக்குத் திரும்பி, ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, மீதியிருந்த அத்தனை பிரதியிலும் அதையே செய்தாள். கை வலித்தது. பேரனுக்குப் போகும் பிரதியில் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதினாள்:

எதிர்க்கடை பற்று: வெள்ளைப் பொத்தான், நான்கு பெட்டி.
வரவு: இல்லை.
பாக்கி நிற்கிறது.